அபிஷேகக் கரம் யாருடையது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர் ஆங்கிலிக்கராகவும், தெற்கே நாகர்கோவிலில் பிறந்தவர் இலண்டன் மிஷன் சபையாராகவும், வடக்கே மதுரையில் பிறந்தவர் அமெரிக்கன் மிஷன் சபையாராகவும், தரங்கம்பாடிப் பக்கத்தில் பிறந்தவர் லுத்தரனாகவும், மன்னார்குடியில் பிறந்தவர் வெஸ்லியன் மெதடிஸ்தாகவும் இருந்தார்கள் என்றால், அவர்களில் எவரும் வேதசாஸ்திர கிரந்தங்களை ஆராய்ந்து தெளிந்து அந்தந்தச் சபையைத் தேர்ந்துகொண்டார்கள் என்பது அதற்குக் காரணமன்று. ஒருவர் ஊழியம் செய்யும் எல்லைக்குள் மற்றவர் புகுவதில்லை என்று மிஷன் சங்கங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே காரணம். நாசரேத்திலிருந்து வியாபாரத்தின் நிமித்தம் மதுரைக்குக் குடிபோன குடும்பம், ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தையும் அத்தியட்சரையும் (பிஷப்பையும்) ஊரிலேயே விட்டுவிட்டு, இரண்டும் இல்லாத அமெரிக்கன் மிஷன் கோயிலில் போய் உட்கார்ந்தது. அங்கே பாடப்பட்ட கீர்த்தனைகள் ஊரில் பாடிய அதே கீர்த்தனைகளாக இருந்தபடியால், வித்தியாசம் பெரிதாகத் தோன்றவுமில்லை. ஆற்றையும் தாலுகா எல்லையையும் வைத்து ஒருவனுடைய சபைப் பிரிவு நிர்ணயமாகும் இந்த விசித்திரம் தமிழ்நாட்டார் உண்டாக்கியதன்று. எனினும் அதை அனுபவித்தவர்களும், பின்னர் அதைக் கேள்வி கேட்டவர்களும் தமிழர்களே.

அப்பிரிவுகளுக்கெல்லாம் அடியில் கிடந்த பிரச்சினைகள் பல. அவற்றுள் தீர்க்கக் கடினமானது ஒன்று. ஒருவன் தலைமேல் கைவைத்து, நற்கருணை பரிமாறவும் சபையை மேய்க்கவும் உரியவன் என்று அவனை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அப்போஸ்தலர் காலந்தொட்டுக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கும் அத்தியட்சர் வரிசையிடமே என்றது ஒரு கட்சி. அந்த வரிசையும் பேதுருவின் ஸ்தானத்தில் வீற்றிருக்கும் போப்பாண்டவரோடு ஐக்கியப்பட்டிருந்தால்தான் செல்லும் என்றது ரோமன் கத்தோலிக்க சபை. மூப்பர்கள் கூடிய சங்கத்திடம் என்றார்கள் பிரஸ்பிட்டேரியர். இயேசுவின் நாமத்தினால் கூடிவந்த அந்தந்த ஊர்ச் சபையிடமே என்றார்கள் காங்கிரிகேஷனலிஸ்டுகள். சுவிசேஷம் சுத்தமாய்ப் பிரசங்கிக்கப்பட்டு ஞானஸ்நானமும் நற்கருணையும் முறையாக வழங்கப்படுமானால் ஆட்சிமுறை எதுவானாலும் பாதகமில்லை என்றார்கள் லுத்தரன்மார். ஐரோப்பாவில் இந்த வழக்குக்காகச் சிறை சென்றவர்கள் உண்டு, நாடு கடந்தவர்கள் உண்டு, உயிர் விட்டவர்களும் உண்டு. அதே வழக்கு கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது எவ்வாறு உருமாறிற்று என்பதுதான் இங்கே சொல்லப்புகுவது.

வந்த புதிதில் அது வழக்காகவே இருக்கவில்லை. 1706-ஆம் வருஷம் லுத்தரன் மிஷனெரிமாராகிய சீகன்பால்குவும் புளுட்ச்சாவும் தரங்கம்பாடியில் இறங்கி இருபத்தேழு வருஷங்கள் கழிந்தபின், ஆரோன் என்னும் தமிழருக்கு மிஷனெரிமார் கூடிக் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியப் புரொட்டஸ்டண்டுகளில் முதன்முதல் அப்பட்டம் பெற்றவர் அவரே. 1790-ல் தஞ்சாவூரில் லுத்தரன் மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயர் சத்தியநாதன் என்பவருக்கு லுத்தரன் முறைப்படி பட்டம் கொடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பியபோது, அந்த ஊழியத்துக்குப் பணம் கொடுத்துவந்தது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம். அத்தியட்சர் கைவைக்காத ஒருவன் ஆங்கிலிக்கப் பலிபீடத்தருகே நிற்கலாகாது என்று 1662-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்துகொண்ட நாட்டின் சங்கம், லுத்தரன் குருமாருக்குச் சம்பளம் அளந்தது. அவர்கள் பட்டம் கொடுத்த தமிழரையும் மனமுவந்து ஏற்றது. அவருடைய பிரசங்கத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டு வாசித்து மகிழவும் செய்தது. பெருந்தன்மையா, கவனக்குறைவா, கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டில் ஆங்கிலிக்க அத்தியட்சர் ஒருவரும் இல்லாத நிர்ப்பந்தமா என்று கேட்டால், மூன்றும் கலந்தது என்றே நான் சொல்வேன்.

1814-ல் கல்கத்தாவில் அத்தியட்சர் பீடம் ஸ்தாபிக்கப்பட்டதும் அந்த நிர்ப்பந்தம் நீங்கிற்று. அதனோடு சௌகரியமும் நீங்கிற்று. 1824-ல் ஹீபர் அத்தியட்சர், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழருக்குக் கல்கத்தாவில் குருப்பட்டம் அளித்தார். அத்தியட்சருடைய கை வந்தபின், அத்தியட்சரல்லாதவர் கைவைத்த பட்டம் குறையுள்ளதோ என்ற ஐயம் முளைத்தது. லுத்தரன் பட்டம் பெற்ற மிஷனெரிமார் சிலர் ஆங்கிலிக்க முறைப்படி மறுபடியும் பட்டம் பெற்றுக்கொண்டார்கள். ஹீபர் 1826-ல் திருச்சிராப்பள்ளியில் ஸ்நானத் தொட்டியில் உயிர்விட்டார்; ஐயம் மட்டும் அவரோடு மறையவில்லை.

இதே காலத்தில் தஞ்சாவூரில் வேறொரு பக்கத்திலிருந்தும் அதிகாரம் கேள்விக்குள்ளாயிற்று. சுவார்ட்ஸின் சீடரும் பெரும் புலவருமான வேதநாயக சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனெரிமார் வேதாகமத் தமிழை மாற்றுவதையும், பண்டிகைகளில் மலர் அலங்காரத்தைத் தடுப்பதையும், ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் சங்கீதத்தையும் விலக்குவதையும், சாதி வித்தியாசமின்றி எல்லாரையும் கலந்திருக்கக் கட்டாயப்படுத்துவதையும் ஒரே மூச்சில் கொடுமைகளென்று எண்ணிக் கண்டித்தார். முதல் மூன்றிலும் அவர் பக்கம் நிற்கத் தோன்றும் நமக்கு நாலாவதில் நிற்க முடியாது. அவருக்கோ நான்கும் ஒன்றே, தம்முடைய முன்னோர் குருக்கள் அனுமதித்த பாரம்பரியம். பாரம்பரியம் என்று ஒருவர் வாதாடும்போது நல்லதும் பொல்லாததும் ஒரே மூட்டையில் கட்டுண்டு வருவது ரோமாபுரியில் மட்டும் நடக்கும் காரியமன்று. அவருடைய பாட்டுகள் மட்டும் எந்தச் சபை எல்லைக்கும் கட்டுப்படவில்லை. 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் என்பவர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அத்தியட்சரையும் ஜெபப் புத்தகத்தையும் ஏற்காத ஒரு சபை தஞ்சை லுத்தரன் புலவரின் குரலில் பாடத் தொடங்கிற்று.

வழக்கு முற்றிக் கிராமங்களைப் பிளந்தது திருநெல்வேலியில். பிரஷ்யா தேசத்தவரும் லுத்தரன் முறைப்படி பட்டம் பெற்றவருமான ரேனியுஸ் ஐயர், ஆங்கிலிக்கச் சங்கமாகிய சி.எம்.எஸ். அனுப்ப 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழில் சொந்த பாஷைபோல் பேசவும் எழுதவும் வல்லவர், இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்தார், கிறிஸ்தவர்களாகி நிலமிழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-ல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார், பிரஷ்யப் பிரபு தோனா அனுப்பிய பணத்தைக்கொண்டு எழுந்த டோனாவூர் இன்றும் அப்பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகள் உண்டாகிவிட்டன; அவற்றை நடத்த உபதேசிமாரும் பயின்றுவிட்டார்கள். தம்மிடம் பயின்ற உபதேசிமாருக்குத் தம் லுத்தரன் வழக்கப்படி தாமே பட்டம் கொடுக்க வேண்டுமென்று ரேனியுஸ் விரும்பினார். சங்கத்தார் அத்தியட்சரே கைவைக்க வேண்டும், பட்டம் பெறுபவர் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்துக்கு உட்பட வேண்டும் என்றார்கள். சுவார்ட்ஸ் காலத்தில் எவரும் கேளாத கேள்வி, தன் குருவிடமிருந்து பட்டம் பெறக் காத்திருந்த உபதேசியாரின் வாசலில் வந்து நின்றது.

அத்துடன் நின்றிருந்தால் கடிதப் போக்குவரத்தில் ஓய்ந்திருக்கும். இங்கிலாந்துச் சபையின் ஆட்சிமுறையைப் போற்றி வெளிவந்த ஒரு புத்தகத்துக்கு ரேனியுஸ் விமர்சனம் எழுதி, அச்சபையின் ஒழுங்குகளில் வேதாகமத்துக்கு ஒவ்வாதவை எனத் தாம் கண்டவற்றைப் பகிரங்கமாக எடுத்துக்காட்டினார். தம்முடைய சம்பளத்தில் இருந்துகொண்டு தம் சபையையே கண்டிக்கும் ஊழியரைச் சங்கத்தார் பொறுப்பார்களா? 1835-ல் உறவு முறிந்தது. சென்னைக்கென்று தனி அத்தியட்சர் பீடம் ஏற்பட்டு டானியல் காரி முதல் அத்தியட்சரானதும் அதே வருஷந்தான். ரேனியுஸ் ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டுப் போனார். உபதேசிமாரும் சபையாரும் வருந்தி அழைக்க, சில மாதங்களில் திரும்பி வந்தார். வந்ததும், திருநெல்வேலியில் ரேனியுஸ் ஐயர் சபையென்றும் சங்கத்தாரின் சபையென்றும் இரண்டாயிற்று.

இந்தப் பிளவில் எந்தக் கட்சி நியாயமென்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, கவனிக்கத்தக்கது அதுவுமன்று. சங்கத்தாரின் வாதம் ஒழுங்கைப்பற்றியது: ஒரு சபையின் பணத்திலும் பெயரிலும் நடக்கும் ஊழியம் அச்சபையின் விதிக்கு உட்பட வேண்டாமா? ரேனியுஸின் வாதம் வேதாகமத்தைப்பற்றியது: வேதம் விதிக்காத ஒன்றை மனச்சாட்சியின்மேல் சுமத்த எவருக்கு உரிமை? இரண்டு பக்கமும் கேட்காமல் விட்டது, திருநெல்வேலிச் சபையார் இதில் என்ன நினைக்கிறார்கள் என்பது. அவர்கள் தம் மனத்தைக் காலால் சொன்னார்கள். பலர் ரேனியுஸின் பின்னே போனார்கள், அவரைத் தகப்பனாக அறிந்திருந்தபடியால். 1838-ல் அவர் இறந்து பாளையங்கோட்டையில் அடக்கமானபின், பெரும்பாலோர் அதே காலால் சி.எம்.எஸ்ஸுக்குத் திரும்பி வந்தார்கள். அத்தியட்சர் கோட்பாட்டை மூன்று வருஷத்தில் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ரேனியுஸ் மறைந்த அதே வருஷம் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல், இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர். அத்தியட்சர் வேண்டாத பிரிவினர். மூன்று வருஷங்களுக்குள் அவர் மனம் மாறி, 1841-ல் உதகமண்டலத்தில் சென்னை அத்தியட்சர் ஸ்பென்சரிடம் ஆங்கிலிக்கப் பட்டம் பெற்று, இடையன்குடிக்குப் போனார். 1877-ல் தாமும் அத்தியட்சரானார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்றே நாம் அவரை அறிவோம். ரேனியுஸ் எந்த வாசல் வழியே வெளியே போனாரோ அதே வாசல் வழியே உள்ளே வந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

இவ்விருவரும் ஐரோப்பியர். தமிழர் ஒருவர் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டபோது பதில் எங்கே போய் முடிந்தது என்பதற்கு, நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857-ல் எழுந்த சபை சாட்சி. அதை ஸ்தாபித்தவர் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை; ஆங்கிலிக்கரின் எஸ்.பி.ஜி. மிஷனிடம் பயின்று, பின்னர் மிஷனெரிமாரோடு முரண்பட்டு விலகியவர். நாடார் சமூகத்தைப்பற்றிக் கால்டுவெல் எழுதி வெளியிட்ட புத்தகம் அச்சமூகத்தாரில் மூட்டியிருந்த மனக்கசப்பும் அவர் பக்கம் காற்றாக வீசிற்று. வேதாகமமே அதிகாரமென்று ஐரோப்பியர் கற்பித்தார்களல்லவா? அப்படியானால் ஓய்வுநாள் சனிக்கிழமையன்றோ, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற எவர் உத்தரவு கொடுத்தார் என்று அவர் வினவினார். பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள் பலவற்றைத் தம் சபையில் புகுத்தினார். ஐரோப்பிய குருமாரின் தயவும் பணமும் வேண்டாமென்றார். அச்சபை இந்து கிறிஸ்தவ சபை என்றும், ஏக இரட்சகர் சபை என்றும் பெயர் பெற்றது. மிஷனெரிமார் அதைக் கலகமென்றும் மயக்கமென்றும் எழுதிவைத்தார்கள். ஆயினும், பாரம்பரியத்தைத் தள்ளி வேதத்தை மட்டும் நம்பென்று ஒரு ஜனத்துக்குச் சொல்லிவிட்டு, அந்த ஜனம் தானாகப் படிக்கும்போது ஐரோப்பியப் பாரம்பரியத்தையும் தள்ளினால் திகைப்பது தர்க்கமாகாது. சனிக்கிழமையைக் குறித்து மிஷனெரிமார் சட்டாம்பிள்ளைக்குச் சொல்லக்கூடிய ஒரே நேரான பதில், ஆதிச் சபையின் வழக்கம் அப்படியிருந்தது என்பது. அது பாரம்பரியத்தின் பதில்.

இனி நூற்றாண்டைத் தாண்டுவோம். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-ல் தங்களுக்கென்று இந்திய மிஷனெரி சங்கம் அமைத்துத் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பத் தொடங்கினார்கள். அதன் கர்த்தாக்களில் முக்கியமானவரும் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்க சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல். அதற்கு நான்கு வருஷம் முன்னரே, 1908-ல், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை என்று ஒன்றாயிருந்தார்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் அடங்கும்.

1919 மே மாதம் முதல் இரண்டு தேதிகளில் அசரியாவும் ஐக்கிய சபைக் குருமாரும் தரங்கம்பாடியில் கூடினார்கள். வந்திருந்தவர் முப்பத்துமூவர், இருவர் தவிர மற்றெல்லாரும் இந்தியர். அவ்விருவரில் ஒருவர், தமிழிசையில் தோய்ந்து கீர்த்தனை பாடிய பாப்லி ஐயர். மேற்கத்தியச் சண்டைகளால் உண்டான பிரிவுகள் நம்மேல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை, அவற்றை நிலைநாட்டும் கடமை நமக்கில்லை என்ற கருத்தில் ஓர் அறிக்கை எழுந்தது. மூன்று முறைகளும் புதிய சபையில் இடம்பெறட்டும்: ஊர்ச்சபையின் உரிமை, மூப்பர் சங்கத்தின் ஆலோசனை, அத்தியட்சரின் மேய்ப்பு. அத்தியட்சர் வரிசை சட்டவரம்புக்குட்பட்ட முறையில் இருக்கும். அது எங்கிருந்து வந்தது, அது இல்லாவிட்டால் குருத்துவம் செல்லாதோ என்பதைப்பற்றி எந்தக் கோட்பாட்டையும் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ரேனியுஸுக்கும் சங்கத்தாருக்கும் நடுவே எவரேனும் இந்த ஏற்பாட்டை வைத்திருந்தால் பாளையங்கோட்டை பிளந்திராது என்று எண்ணத் தோன்றுகிறது. அன்றைக்கோ அதை வைப்பதற்குரிய ஸ்தானத்தில் ஒரு தமிழரும் இருக்கவில்லை.

இரண்டு நாளில் ஒப்பிய காரியம் செயலாவதற்கு இருபத்தெட்டு வருஷங்கள் சென்றன. 1920-ல் கூட்டுக் கமிட்டி கூடிற்று. 1925-ல் வெஸ்லியன் மெதடிஸ்துகள் சேர்ந்துகொண்டார்கள். 1929-ல் ஐக்கியத் திட்டத்தின் முதல் வடிவம் வெளியாயிற்று. அதற்குப்பின் திருத்தத்துக்குத் திருத்தம், ஆட்சேபத்துக்கு ஆட்சேபம். அத்தியட்சர் கைவைக்காத குருமார் புதிய சபையில் திருவிருந்து நடத்தலாமா? நடத்தினால் அதில் ஆங்கிலிக்கர் பங்குபெறலாமா? அவர்களுக்கெல்லாம் மறுபடியும் கைவைத்துவிட்டால் வழக்கு தீருமே என்றனர் சிலர். அப்படிச் செய்தால் இத்தனை வருஷம் நாங்கள் பரிமாறியது வெறும் அப்பமும் ரசமுமா என்றனர் மற்றவர்கள். குருவல்லாத சாதாரண விசுவாசியும் அவசியப்படின் திருவிருந்து நடத்தலாமென்று ஐக்கிய சபையில் ஒரு சாரார் வற்புறுத்தியபோது, பேச்சுவார்த்தை முறிந்துவிடும் போலிருந்தது. கடல் கடந்தும் கோபம் எழுந்தது, கவிஞர் டி. எஸ். எலியட் 1943-ல் ஒரு சிறு நூல் எழுதி, இந்த ஐக்கியம் திருச்சபையை அழித்து அமைக்கப்படும் ஐக்கியம் என்று கண்டித்தார். தரிசு நிலத்தைப் பாடிய அக்கவிஞருக்குச் திருநெல்வேலிச் சீமைச் சாயர்புரத்து உபதேசியாரின் சங்கடம் எட்டியிருக்க நியாயமில்லை.

கடைசியில் எட்டிய தீர்வு, நான் பார்த்தவரையில், யாரையும் முழுவதும் திருப்தி செய்யாத தீர்வு. அதுவே அதன் விசேஷம். ஐக்கியமாகும் சபைகளின் குருமார் எல்லாரும், எவர் கைவைத்திருந்தாலும், அப்படியே புதிய சபையின் குருமாராவார்கள். மறு அபிஷேகம் கிடையாது. அன்றுமுதல் இனிப் பட்டம் பெறுகிறவர்களுக்கெல்லாம் அத்தியட்சரே கைவைப்பார். முப்பது வருஷகாலம் இரண்டு வகைக் குருமாரும் ஒரே சபையில் இருப்பார்கள். அக்காலத்தில் எந்தச் சபையின்மேலும் அதன் மனச்சாட்சி ஒப்பாத குருவைத் திணிப்பதில்லை என்று வாக்குறுதி. கோட்பாடு ஒத்துப்போன பின்னரே இணைவது என்றிருந்தால் நூறு வருஷமானாலும் இணைந்திருக்கமாட்டார்கள். அத்தியட்சர் இருக்கட்டும் என்று எல்லாரும் ஒப்பினார்கள். ஏன் இருக்கவேண்டும் என்பதில் அவரவர் கருத்து அவரவருக்கு. மெதடிஸ்துகள் 1943-லும், ஆங்கிலிக்கர் 1945-லும், ஐக்கிய சபையார் 1946-லும் சம்மதித்தார்கள். 1945 ஜனவரி முதல் தேதி மறைந்த அசரியா, ஆங்கிலிக்கரின் சம்மதத்தைக்கூடக் காணவில்லை.

நாடு சுதந்தரமடைந்த அடுத்த மாதம், 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. திருவாங்கூர்–கொச்சி அத்தியட்சர் ஜேக்கப் தலைமை வகித்தார். புதிதாக ஒன்பதுபேர் அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் மதுரை–இராமநாதபுரத்துக்கு நியூபிகின் என்ற ஸ்காட்லாந்துச் சபை மிஷனெரியும், யாழ்ப்பாணத்துக்கு சபாபதி குலேந்திரனும் இருந்தார்கள். அத்தியட்சரே வேண்டாமென்று மூன்று தலைமுறை வாழ்ந்த அமெரிக்கன் மிஷன் சபைகள், தம்மில் ஒருவரை அத்தியட்சராகக் கண்டன. குலேந்திரன் 1970 வரை அப்பதவியில் இருந்து, தமிழ் வேதாகமத்தின் வரலாற்றையும் எழுதினார்.

ஆங்கிலிக்க உலகம் உடனே கை நீட்டிவிடவில்லை. ஐக்கியத்தில் கலந்த நான்கு ஆங்கிலிக்க அத்தியட்சாதீனங்கள் அந்த உலகத்திலிருந்து வெளியேறியவையாகவே எண்ணப்பட்டன. 1948-ல் கூடிய ஆங்கிலிக்க அத்தியட்சர்களின் லாம்பெத் மகாநாடு புதிய சபையின் குருத்துவத்தைப்பற்றி ஒருமனப்படவில்லை. 1955-ல்தான் இங்கிலாந்துச் சபையின் கான்டர்பரி, யார்க் மாகாணச் சங்கங்கள் அத்தியட்சரால் பட்டம் பெற்றவர்களின் குருத்துவத்தை ஒப்புக்கொண்டன. தெலுங்கு நாட்டு நந்தியாலில் ஆங்கிலிக்கர் பெருந்தொகையினர், தம் பாரம்பரியம் கெடுமென்று அஞ்சி, ஐக்கியத்தில் சேராமல் நெடுங்காலம் தனித்திருந்தார்கள். தரங்கம்பாடி லுத்தரன்மாரின் நிலையோ இன்னும் விசித்திரமானது: ஐக்கிய அறிக்கை பிறந்தது அவர்கள் ஊரில், அத்தியட்சர் வரிசை அவசியமில்லை என்பது அவர்கள் கோட்பாடு, ஆயினும் 1921 முதல் சுவீடன் தேசத்துச் சபை வழியாக அந்த வரிசையைச் சேர்ந்த அத்தியட்சரே அவர்களுக்கு இருந்தார். அவர்கள் சேரவில்லை, ஆட்சிமுறையைவிட உபதேச ஒருமைப்பாடே முந்தியது என்பது அவர்கள் பக்ஷம்.

உள்ளே வந்தவர்களோ, 1950-ல் திருவிருந்துக்கு ஒரு புது முறைமை வகுத்துக்கொண்டு, சமாதானத்தைக் கைகூப்பிக் கைக்குள் கைவைத்துக் கடத்தும் மலையாளச் சிரியன் வழக்கத்தை அதில் சேர்த்தார்கள். மறு அபிஷேகமா, மனச்சாட்சியா என்று இருபத்தெட்டு வருஷம் வாதாடிய கேள்விக்குப் பின்னர் எந்த மகாநாடும் விடை எழுத நேரவில்லை. அத்தியட்சர் கைவைக்காமல் பட்டம் பெற்றிருந்த குருமார் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், அவர்கள் இடத்துக்கு அத்தியட்சரிடம் பட்டம் பெற்ற இளைஞர்கள் வந்தார்கள். குறித்த முப்பது வருஷம் 1977-ல் முடிந்தபோது, எந்தக் குரு எந்த வகை என்று ஊர்ச்சபைகளில் கேட்பாரும் அரிதாயினர்.